தெரியாது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போ

பதினோரு நாள் அந்தக் கடையைக் கடந்து போனேன். பன்னிரண்டாம் நாள்தான் உள்ளே போனேன். தம்பி, இடைப்பட்ட நாட்களில் எனக்குள் என்ன நடந்தது என்பதை உன்னிடம் ஒளிக்காமல் சொல்லப் போகிறேன். ஏனென்றால் அந்தப் பதினோரு நாள் உனக்கும் நடந்துகொண்டிருக்கிறது. உன் கணக்கில் அது பதினோரு மாதமாக இருக்கலாம், பதினோரு வருஷமாகக்கூட இருக்கலாம்.

கிண்டித் தொழிற்பேட்டையில் எங்கள் அலுவலகத்துக்கு அடுத்த தெரு. பேட்டரிக் கடை இருந்த இடத்தில் மரச் சட்டம் அடித்து, வாசலில் கருநீலத் துணியை நாலு பட்டையாகத் தொங்கவிட்டு, ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். அந்தத் துணிக்கு நோரென் என்று பெயர். ஜப்பானில் கடை தயாரானதும் நோரெனை எடுத்து வந்து வாசலில் மாட்டுவார்கள். மூடும்போது கழற்றி உள்ளே வைப்பார்கள். அது தொங்கினால் கடை திறந்திருக்கிறது, வா என்று அர்த்தம். வா என்று சொன்ன துணியைத்தான் நான் பதினோரு நாளும் வராதே என்று படித்தேன்.

மதியம் ஒரு மணிக்கு எங்கள் கூட்டம் கீழே இறங்கும். ஆறு பேர். அந்த வாசல் வரும்போது நடை கொஞ்சம் தளரும். எல்லார் கண்ணும் ஒருமுறை உள்ளே போய்த் திரும்பும். பிறகு பேச்சு எழும். "பச்சை மீனாம்." "குச்சியிலதான் சாப்பிடணுமாம்." "ஒரு ஆளுக்கே ஆயிரம் ரூபா ஆகுமாம்." "சோறு களி மாதிரி இருக்குமாம்." அவ்வளவுதான். நடை வேகமெடுக்கும். வழக்கமான மெஸ்ஸுக்குப் போய் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்துவிடுவோம்.

அந்த 'ஆம்' என்கிற விகுதியைக் கவனி. கேள்விப்பட்டதைச் சொல்ல நம் மொழி நமக்குக் கொடுத்திருக்கும் அருமையான கருவி அது. வந்தானாம், போனானாம், கிடைக்காதாம், முடியாதாம். சொல்பவன் பார்க்கவில்லை, தொடவில்லை, ருசிக்கவில்லை. யாரோ சொன்னதை வாங்கி அடுத்தவனிடம் தள்ளிவிடுகிறான். ஒரு நாளில் உன் பேச்சில் எத்தனை 'ஆம்' வருகிறது என்று எண்ணிப் பார். அந்த வேலைக்கு ஆங்கிலம் தண்ணி மாதிரி வரணுமாம். அந்தத் தேர்வில் நம்ம பக்கத்து ஆளுங்க தேறமாட்டாங்களாம். அந்த ஊர் நமக்கு ஒத்துவராதாம். உன் எதிர்காலத்தின் வாசல்களில் பாதியை இந்த இரண்டெழுத்துதான் சாத்தி வைத்திருக்கிறது! போய்ப் பார்த்து வந்தவன் வாயில் 'ஆம்' வராது. 'இருந்தது' என்பான், 'இல்லை' என்பான், 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பான். அப்படி அறுத்துப் பேசும் உரிமையை எவரும் உனக்குத் தானமாகத் தர முடியாது. உள்ளே போய்த்தான் வாங்க வேண்டும்.

பதினோராம் நாள் மெஸ்ஸில் ஒன்று நடந்தது. பக்கத்துக் கம்பெனியில் இயந்திரம் பொருத்த வந்திருந்த ஜப்பானியப் பொறியாளர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், தனியாக உள்ளே நுழைந்தார். எங்கள் எதிர் மேசையில் உட்கார்ந்தார். இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்துத் துடைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அதே மாதிரி செய்தார். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. கையை வைத்தார். சூடு. எடுத்தார், மறுபடி வைத்தார். ரசம் ஊற்றியபோது அது இலையின் ஓரத்தை நோக்கி ஓட ஆரம்பித்தது. பரிமாறும் அண்ணன் ஓடி வந்து, "இப்படி நடுவுல குழி பண்ணிக்கணும் சார்" என்று கையால் காட்டினார். அவர் தலையை ஆட்டி, குழி பண்ணி, ரசத்தைப் பிடித்தார். கூட்டு வந்தது, விரலை நீட்டி என்ன என்று கேட்டார். அப்பளம் வந்தது, கேட்டார். மோர் வந்தது; கேட்டார். கடைசியில் இன்னொரு கரண்டி சோறு வந்தபோது, இரண்டு கையையும் இலைக்கு மேலே விரித்து, "போதும்" என்றார். தமிழில்!

அந்த மனிதரை யாராவது இளப்பமாகப் பார்த்தோமா? ஆறு மேசையும் அவர்மேல் பிரியமாகிவிட்டது. இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று சொல்லித்தர மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் எங்கள் ஊர்க் கடைக்கு ஒன்றும் தெரியாமல் வந்து, தெரிந்துகொண்டு எழுந்து போகிறார். நானோ எல்லாம் தெரிந்த பிறகுதான் அவர் ஊர்க் கடைக்குள் போவேன் என்று பதினோரு நாளாக வாசலில் நிற்கிறேன். நீச்சல் கற்றுக்கொண்ட பிறகுதான் கிணற்றில் இறங்குவேன் என்று சொல்கிறவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

இந்தத் தயக்கம் எனக்குப் புதிதில்லை. இருபத்திரண்டு வயதில் முதல் வேலை. பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன். பயிற்சி முடிந்த நாளில் எங்களை ஒரு பெரிய ஓட்டலுக்குச் சாப்பிட அழைத்துப் போனார்கள். வெள்ளைத் துணி விரித்த மேசை, தட்டுக்கு இந்தப் பக்கம் மூன்று கருவி, அந்தப் பக்கம் இரண்டு. எதை எடுப்பது என்று தெரியவில்லை. கேட்டால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். "எனக்குப் பசியில்லை சார்" என்று சொல்லிவிட்டேன். ஒன்றரை மணி நேரம் மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் பேருந்து நிலையத்தில் டீயில் பன்னை நனைத்துத் தின்றபோது கண்ணில் நீர் வந்தது. அந்தப் பசி இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை எனக்குக் கொடுத்தது வறுமை இல்லை, தம்பி. பணம் கம்பெனி கட்டியது. சாப்பாடு என் முன்னால் ஆவி பறக்க இருந்தது. என் கையைக் கட்டிப்போட்டது கூச்சம்.

அந்தக் கூச்சத்தை யார் நமக்குள் விதைத்தார்கள்? "இதுகூடத் தெரியாதா?" பள்ளிக்கூடத்தில் எழுந்து சந்தேகம் கேட்ட பிள்ளையின் முதுகில் விழுந்த சவுக்கு இந்தக் கேள்வி. வங்கியில் படிவம் நிரப்பத் தெரியாத அப்பாவின் முகத்தில் விழுந்தது. மின்தூக்கியில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று நின்ற அம்மாவின் மேல் விழுந்தது. இந்த ஒரு கேள்வி நம் பிள்ளைகளை ஊமையாக்கியது போல வேறு எதுவும் ஆக்கவில்லை என்பேன். கேட்கிறவன் தெரிந்துகொண்டு போய்விடுகிறான். கேட்காதவன் ஆயுளுக்கும் தெரிந்த மாதிரி நடிக்கிறான். அந்த நடிப்புக்குச் செலவாகும் உயிர்ச்சக்தியில் பத்தில் ஒரு பங்கைக் கற்பதில் செலவிட்டிருந்தால் நாம் எங்கேயோ போயிருப்போம்!

பன்னிரண்டாம் நாள் ஒரு மணிக்கு மற்றவர்களிடம், "நீங்க போங்க, நான் இங்க போறேன்" என்றேன். "தனியாவா?" என்றார்கள். ஆமாம், தனியாகத்தான். நம்மூரில் ஒருவன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால், பாவம், அவனுக்கு யாரும் இல்லை என்று நினைக்கிறோம். தோக்கியோவின் அலுவலகத் தெருக்களில் மதிய வேளையில் பலர் தனியாகத்தான் சாப்பிடுகிறார்கள். சமையல்காரர் முகத்தைப் பார்த்தபடி உட்கார நீளமான பலகை மேசை இருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு முழ இடம். தனியாக வருகிறவருக்கு 'ஒஹிதோரிசமா' என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். 'சமா' என்பது மரியாதை விகுதி, நம்முடைய 'அவர்கள்' மாதிரி. ஒற்றை ஆளுக்கும் அங்கே அத்தனை மரியாதை. துணைக்கு ஆள் கிடைத்தால்தான் புது இடத்துக்குப் போவேன் என்று காத்திருந்தால் பாதி வாழ்க்கை வாசலிலேயே போய்விடும், தங்கச்சி. துணை வந்தால் நல்லது. வராவிட்டால் நீ மட்டும் போ.

துணியை விலக்கினேன். "இராஷ்ஷாய்மாசே!" என்று உள்ளேயிருந்து மூன்று குரல் ஒன்றாக வந்தது. வாங்க வாங்க என்று அர்த்தம். பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது பிறகு தெரிந்தது. நான் கைகூப்பி வணக்கம் என்றேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மணிப்பூரைச் சேர்ந்த ஓர் இளைஞன் வந்து உணவுப் பட்டியலைக் கொடுத்தான். அதைத் திறக்காமலே, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கடையில், நிமிர்ந்த தலையோடு சொன்னேன்: "தம்பி, எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. முதல் தடவை வரேன். நீங்களே சொல்லிக் குடுங்க."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "பரவாயில்ல அண்ணா, நானும் சென்னைக்கு வந்துதான் இதெல்லாம் கத்துக்கிட்டேன்" என்றான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்குத் தமிழும் தெரியாது, ஜப்பானியச் சாப்பாடும் தெரியாது, குச்சி பிடிக்கவும் தெரியாதாம். மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து மூன்றையும் கற்றுக்கொண்ட பிள்ளை என் முன்னால் நிற்கிறான். நான் பத்தடி தாண்டப் பதினோரு நாள் எடுத்திருக்கிறேன்.

ஜப்பானில் கடைக்காரரிடம் 'ஒசுசுமே' என்ன என்று கேட்பது சாதாரணம். நீங்கள் எதைச் சாப்பிடச் சொல்கிறீர்கள் என்று பொருள். அதைக் கேட்டால் கௌரவம் குறையாது. சமைப்பவருக்கு அது மரியாதை. மதியத்துக்கு 'தேய்ஷொகு' உண்டு என்று அவன் விளக்கினான். நம்முடைய மீல்ஸ் மாதிரிதான்: சோறு, மிசோ என்ற சோயா விழுதில் வைத்த சூப்பு, ஒரு முக்கியமான பதார்த்தம், ஊறுகாய், பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் காய். ஒரு தட்டில் மொத்தமாக வரும். தனித்தனியாக வாங்குவதைவிட விலை குறைவு. பயந்த மாதிரி ஆயிரம் ஆகவில்லை; நான் சாப்பிட்டதற்கு ஐந்நூற்று எண்பது ரூபாய் ஆனது. குறைந்த தொகையா? இல்லை. மெஸ்ஸில் ஐந்து நாள் சாப்பாடு அது. வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவனிடம் தினமும் போ என்று சொல்ல எனக்கு மனம் வராது. மாதத்தில் ஒருநாள், சம்பளம் வந்த வாரத்தில், உனக்கு நீயே கட்டும் படிப்புச் செலவாக வைத்துக்கொள். அதுவும் முடியாத மாதத்தில் இதுவரை தொடாத ஒரு பத்து ரூபாய்ப் பலகாரத்தைத் தெருமுனையில் வாங்கிச் சாப்பிடு.

பட்டியலைப் பிரித்தேன். மூன்றாவது வரியில் கண் நின்றுவிட்டது. கரே.

"இது என்னப்பா?"

"ஜப்பான் கறி, அண்ணா. சோத்தோட வரும். அங்க ரொம்ப ஃபேமஸ்."

தம்பி, இந்த இடத்தில் கொஞ்சம் நில். கறி நம் சொல். தமிழ் மண்ணில் பிறந்த சொல். கடற்கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் வாயில் ஏறி, ஆங்கிலேயர் வாயில் கறி 'கர்ரி'யாகி, அவர்களோடு கப்பலேறி ஜப்பானில் இறங்கி 'கரே' ஆனது. 1872-ஆம் ஆண்டிலேயே அங்கே அச்சான இரண்டு மேனாட்டுச் சமையல் நூல்களில் கறி செய்முறை இருக்கிறது. ஜப்பானியக் கடற்படை 1908-ல் வெளியிட்ட சமையல் கையேட்டில் அது இடம்பிடித்தது. இன்றைக்கும் அந்நாட்டுக் கடற்படைக் கப்பல்களில் வெள்ளிக்கிழமை என்றால் கரேதான். பள்ளிக்கூட மதிய உணவிலும், ரயில் நிலையத்தில் நின்றபடியே சாப்பிடும் கடையிலும், வீட்டு அடுப்பிலும் அது இருக்கிறது. நம் பாட்டன் பாட்டி வாயில் பிறந்த சொல் எந்தக் கூச்சமும் இல்லாமல் மூன்று மொழி தாண்டி, உருவம் மாறி, ருசி மாறி, உலகத்தின் மறுகோடியில் ராஜாவாக உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சொல்லின் சொந்தக்காரன் நான், கடைவாசலில் நடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்!

இறைச்சி சேர்ந்த அந்தக் கரே அங்கே சும்மா நுழைந்துவிடவில்லை. 675-ஆம் ஆண்டில் தெம்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றைத் தின்னத் தடை போட்டார். அதற்குப் பிறகு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக, நாலுகால் பிராணியின் இறைச்சி அங்கே பெரும்பாலோர் தட்டுக்கு விலக்காகவே இருந்தது. 1872-ல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்ற செய்தியை ஊரறியச் சொன்னார்கள். மேற்கு நாடுகளோடு சமமாக நிற்க வேண்டுமென்றால் அவர்கள் சாப்பாட்டையும் அறிய வேண்டும் என்று ஒரு நாடே முடிவெடுத்த காலம் அது. எதைச் சாப்பிடுவது, எதை விலக்குவது என்பது உன் விருப்பம், உன் வீட்டு வழக்கம். அதில் நான் தலையிட மாட்டேன். நான் உனக்குக் காட்டுவது வேறு. இன்றைக்கு நாம் ஜப்பானியச் சாப்பாடு என்று பயந்து பார்க்கிற தட்டில் பாதி, ஒரு காலத்தில் ஜப்பானியர்களே பயந்து பார்த்தது. மாவில் தோய்த்துப் பொரிக்கும் தெம்புரா போர்த்துக்கீசியரிடம் கற்றது. ராமென் என்ற நூடுல்ஸ் சீனரிடம் கற்றது. கரே நம் பக்கத்துச் சொல். யாரோ ஒருவர் முதல் வாய் எடுத்து வைத்தார். அந்த முதல் வாய்க்காரர்களால்தான் அந்தச் சமையல் இத்தனை செழித்தது.

கோழிக் கத்ஸு கரே சொன்னேன். பொன்னிறமாகப் பொரித்து, விரல் அகலத்துக்கு வெட்டிய கோழித் துண்டுகள். பக்கத்தில் குட்டையான அரிசிச் சோறு. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஆனால் களி இல்லை. 'களியாம்' என்று சொன்னவர் அதைப் பார்த்ததே இல்லை. கெட்டியான பழுப்புக் குழம்பில் உருளைக்கிழங்கும் காரட்டும். தாளிப்பு இல்லை, கறிவேப்பிலை இல்லை, கோதுமை மாவைக் கொழுப்பில் வறுத்துச் சேர்த்த கெட்டிப்பு, காரத்துக்கு முன்னால் ஓர் இனிப்பு. முதல் வாயில் இது குழம்பே இல்லை என்று தோன்றியது. மூன்றாவது வாயில், வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த அத்தை பிள்ளையை முதல்முறை பார்க்கிற மாதிரி, எங்கோ ஒரு ஜாடை தெரிந்தது. ஐந்தாவது வாயில் பிடித்துவிட்டது. ஓரத்தில் இருந்த சிவந்த ஊறுகாய், முள்ளங்கியும் தாமரைக் கிழங்கும் போட்டது, கடைசிவரை பிடிக்கவில்லை. எனக்கு அது தித்திப்பு அதிகம். சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், 'ஆம்' போடாமல்.

இன்னொன்றும் கேள். பதினோரு நாள் எந்தக் குச்சிக்குப் பயந்தேனோ, அந்தக் குச்சி என் தட்டோடு வரவே இல்லை. கரேயைக் கரண்டியால்தான் சாப்பிடுவார்கள், ஜப்பானிலும்! சூஷியோ அதைவிட ஆச்சரியம். கையால் பிடித்து வைத்த சோற்றின் மேல் மீனை வைத்துத் தரும் நிகிரி சூஷி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடோ நகரத்தின், இன்றைய தோக்கியோவின், தெருவோரத் தள்ளுகடைகளில் பரவிய அவசரச் சாப்பாடு. வேலைக்கு நடுவில் வந்தவர்கள் நின்றபடி, கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனார்கள். இன்றைக்கும் சூஷியைக் கையால் சாப்பிடுவது முழுக்க முறையானது. கையால் சாப்பிடுகிற இனத்தில் பிறந்த நாம், கையால் சாப்பிடக்கூடிய உணவைக் குச்சிக்குப் பயந்து ஒதுக்கியிருக்கிறோம். எத்தனை பயங்கள் இப்படி ஆளில்லாத வீட்டுக்குக் காவல் நிற்கின்றனவோ!

ஆனாலும் நான் குச்சியைக் கேட்டு வாங்கினேன். மணிப்பூர்த் தம்பி சொல்லிக்கொடுத்தான். கீழ்க் குச்சி பெருவிரல் இடுக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். மேல் குச்சி மட்டும் பேனா மாதிரி அசைய வேண்டும். இரண்டையும் அசைத்தால் எதுவும் நிற்காது. முட்டைக்கோஸ் மூன்று முறை விழுந்தது, நாலாவது முறை வாய்க்கு வந்தது. ஜப்பானியக் குழந்தைகளும் விரல் நுழைக்க வளையம் வைத்த பழக்கக் குச்சியில்தான் தொடங்குகிறார்கள் என்று அவன் சொன்னான். பிறக்கும்போதே பிடித்துக்கொண்டு எவரும் பிறக்கவில்லை. முக்கியமாக இரண்டு காரியம் செய்யக்கூடாது: சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்தக்கூடாது, ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றக்கூடாது. இரண்டும் அவர்களுக்குச் சாவு வீட்டுச் சடங்கை நினைவூட்டும். நம் வீட்டில் இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்பது மாதிரி. மிசோ சூப்புக் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி வாயில் வைத்துக் குடிக்கலாம். நூடுல்ஸைச் சத்தம் வர உறிஞ்சலாம். கற்க ஆன நேரம் அரைமணி. இந்த அரைமணிக்காகத்தான் பதினோரு நாள் அஞ்சினேன்.

'தப்பாகச் சாப்பிட்டுவிட்டால்?' என்று உன் மனம் இப்போதும் முனகும். மோமோஃபுகு ஆந்தோவின் கதையை அதற்குச் சொல். அவர் தலைமை வகித்த கடன் சங்கம் 1957-ல் கவிழ்ந்தது. இருந்ததெல்லாம் போனது, வீடு ஒன்று மிஞ்சியது. ஒசாக்கா பக்கத்தில் இக்கேதா என்ற ஊரில் அந்த வீட்டின் கொல்லையில் ஒரு கொட்டகை போட்டார். வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற நூடுல்ஸைச் செய்யப் போகிறேன் என்று மாவோடு மல்லுக்கட்டினார். நூடுல்ஸைக் காய வைத்துப் பாதுகாப்பது எப்படி என்பதுதான் முட்டுக்கட்டை. மனைவி எண்ணெயில் தெம்புரா பொரிப்பதைப் பார்த்தபோது வழி கிடைத்தது: சூடான எண்ணெயில் போட்டால் ஈரம் வெளியேறும், அந்த இடத்தில் நுண்ணிய துளைகள் நிற்கும், வெந்நீர் ஊற்றினால் அந்தத் துளைகளில் நீர் புகுந்து மறுபடி மெத்தென்று ஆகும். 1958 ஆகஸ்டில் முதல் உடனடி ராமென் கடைக்கு வந்தது. அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. முப்பத்திரண்டில் 'இனிமேல் நமக்கு என்ன' என்று பெருமூச்சு விடுகிறவனே, கேட்டுக்கொள்!

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடித்தது. 1966-ல் அமெரிக்கா போனார். அங்கே கடைக்காரர்களிடம் ராமெனைக் கொடுத்தபோது அவர்களிடம் கிண்ணமும் இல்லை, குச்சியும் இல்லை. நூடுல்ஸை உடைத்துக் காகிதக் குவளையில் போட்டு, வெந்நீர் ஊற்றி, முள்கரண்டியால் சாப்பிட்டார்கள். ஜப்பானிய வழக்கப்படி பார்த்தால் எல்லாமே தப்பு. ஆந்தோ 'இதுகூடத் தெரியாதா' என்று கேட்கவில்லை. உற்றுப் பார்த்தார். 1971-ல் குவளையிலேயே அடைத்த நூடுல்ஸ் பிறந்தது, கூடவே ஒரு முள்கரண்டியும். தெரியாதவர்கள் தங்களுக்குத் தெரிந்த விதத்தில் கூசாமல் சாப்பிட்டார்கள். அதிலிருந்து உலகமெங்கும் போன ஒரு பண்டம் வந்தது. உன் தப்பைக் கண்டு சிரிக்க ஒருவன் இருந்தால், அதைக் கண்டு கற்க ஒருவனாவது இருப்பான். நீ யாருக்காக வெளியே வருகிறாய்? சிரிப்பவனுக்காக உன் கையைக் கட்டிக்கொள்ளாதே!

அதே தோக்கியோவில் இன்று தென்னிந்தியச் சாப்பாட்டுக் கடைகளில் மதிய நேரத்தில் ஜப்பானிய அலுவலகக்காரர்கள் வந்து உட்காருகிறார்கள். சாம்பார், ரசம், பொரியல், அப்பளம். 'மீல்ஸ்' என்ற சொல்லையே அவர்கள் 'மீருசு' என்று தங்கள் மொழியில் எழுதிக்கொண்டார்கள். நம் சாப்பாட்டைத் தேடி அவர்கள் வரும்போது பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமையை அவர்களுக்கும் நாம் கொடுக்க வேண்டாமா? தயங்காமல் அவர்கள் மேசையில் போய் உட்கார்ந்து கொடுக்க வேண்டாமா?

ஒன்று ஐம்பதுக்கு அலுவலகம் திரும்பினேன். மூன்று மணிக்குக் கூட்டம். மூன்று வாரமாக எங்கள் மேசையில் இருந்த ஒரு வரைபடத்தின் ஓரத்தில் ஒரு குறி. அது என்ன என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கையைத் தூக்கி, "இது எனக்குப் புரியல, யாராவது சொல்லுங்க" என்றேன். ஒரு நிமிஷம் அமைதி. பிறகு என்னைவிடப் பத்து வருஷம் மூத்தவர், "எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். சாப்பாட்டுக் கடையில் பழகிய நாக்குதான் கூட்டத்திலும் அந்தச் சொல்லைச் சொன்னது.

அடுத்த வாரம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் என்னிடம் வந்தாள். சுத்த சைவம். "நானும் போகணும்னு ஆசை அண்ணா. ஆனா சைவத்துக்கு அங்க ஒண்ணும் கிடைக்காதாம்" என்றாள். அவள் பயத்தில் ஒரு நியாயம் இருந்தது. ஜப்பானியச் சமையலின் அடிப்படை 'தாஷி' என்ற சாறு. பெரும்பாலும் அதைக் காயவைத்துப் புகையிட்ட சூரை மீனின் சீவலையும் 'கொம்பு' என்ற கடற்பாசியையும் போட்டுத்தான் எடுப்பார்கள். மிசோ சூப்பு, நூடுல்ஸ் சூப்பு, காய் வேகவைத்த நீர் என்று எதில் வேண்டுமானாலும் மீன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அதே ஜப்பானில் பௌத்த மடங்களில் 'ஷோஜின் ரியோரி' என்று மீனும் இறைச்சியும் தொடாத ஒரு சமையல் நூற்றாண்டுகளாக இருக்கிறது. வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள். மீன் போடாமல் கொம்பை ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். 1908-ல் கிகுனாயே இக்கேதா என்ற வேதியியல் பேராசிரியர் அந்தக் கொம்புச் சாற்றில்தான் குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். "கிடைக்காதாம்னு விட்டுடாதே. போய்க் கேளு. கிடைக்காட்டி எழுந்து வந்துடு, யாரும் பிடிச்சு வைக்கமாட்டாங்க" என்றேன்.

"நீங்களும் வாங்க. ஆனா நான்தான் கேப்பேன்" என்றாள்.

போனோம். நான் வாயைத் திறக்கவில்லை. பட்டியலில் வெள்ளரிக்காயை வைத்துச் சுருட்டிய மாக்கி சூஷி இருந்தது, காய்த் தெம்புரா இருந்தது, மிசோ சூப்பு இருந்தது. அவள் விரல் சூப்பில் நின்றது. தண்ணீரை ஒரு வாய் குடித்தாள். மணிப்பூர்த் தம்பியை நிமிர்ந்து பார்த்து, குரல் கொஞ்சம் நடுங்க, "நான் மீன் சாப்பிட மாட்டேன். இந்தச் சூப்புல மீன் சாறு இருக்கா? இருந்தா, இல்லாம பண்ணித் தர முடியுமா?" என்றாள்.

"தெரியாது அக்கா. உள்ள கேட்டுட்டு வரேன்" என்றான் அவன், கூசாமல்.

சமையலறைத் திரை விலகியது. தலையில் துண்டு கட்டிய சமையல்காரர் ஈரக் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். அவர் கையில் முழ நீளத்துக்குக் காய்ந்த, கரும்பச்சையான, வெள்ளைப் பொடி பூத்த ஒரு கடற்பாசி. இதை மட்டும் போட்டு உங்களுக்குத் தனியாக வைக்கிறேன், பத்து நிமிஷம் ஆகும், பரவாயில்லையா என்று கேட்டு அதை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி, திருப்பிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோனாள்.

"மெரினா வாசம் அடிக்குது அண்ணா" என்றாள்.